'பரையா': உலகத் தலைவர்கள் திட்டப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்... தமிழ்நாட்டிலிருந்து போன கதை தெரியுமா?

2019 நவம்பர். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி விவாத மேடை. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலை பற்றிக் கேள்வி வருகிறது. அப்போது வேட்பாளராக இருந்த ஜோ பைடன், சவுதி அரேபியாவை உலக அரங்கில் ஒரு 'பரையா' ஆக்கிவிடுவோம் என்கிற பொருளில் பதில் சொன்னார்.

2022 பிப்ரவரி 24. யுக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த நாள். அதிபராகிவிட்ட பைடன் மீண்டும் அதே சொல்லை எடுத்தார். இந்த முறை அது புதினுக்கு. சர்வதேச அரங்கில் புதின் ஒரு 'பரையா' ஆகிவிடுவார் என்றார். அடுத்த சில மணி நேரத்தில் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகளில் அந்தச் சொல் ஓடியது.

இந்த ஆங்கிலச் சொல் உங்கள் காதில் விழும்போது ஏதோ ஒன்று நெருடுகிறதா? நெருடுவதில் வியப்பில்லை. அது தமிழ்ச் சொல். இன்னும் சரியாகச் சொன்னால், தமிழ்நாட்டில் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். பறையர் என்ற பெயர்தான் ஆங்கிலத்தில் 'பரையா' என்று மாறியது. ஆங்கில அகராதிகளே இதைச் சொல்கின்றன.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எனப் பல தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன. அவற்றைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால், இந்த ஒரு சொல்லின் பயணம் அப்படிப்பட்டதல்ல. ஏன் என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் என்ன பொருள்?

எல்லோராலும் வெறுக்கப்பட்டவர், ஒதுக்கித் தள்ளப்பட்டவர். இதுதான் இன்றைய அகராதிப் பொருள். ஊழலில் சிக்கிக் கட்சியிலிருந்து விரட்டப்பட்ட அரசியல்வாதி, ஊக்கமருந்து சர்ச்சையில் மாட்டிய வீரர், மோசடி செய்து பிடிபட்ட தொழிலதிபர் என யாரைப் பற்றி எழுதினாலும் ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்.

நாடுகளுக்கும் இது பொருந்தும். 'பரையா ஸ்டேட்' என்பது சர்வதேச அரசியலில் ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அணுகுண்டு சோதனை செய்யும் வடகொரியா இந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும். அதற்கு முன்பு, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலக நாடுகள் ஒதுக்கி வைத்தபோது, அந்த நாட்டுக்கும் இதே பட்டம்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் பேருந்து, தனிப் பள்ளி என்று பிரித்து வைத்தது அந்த அரசு. அதாவது ஒதுக்கியது அந்த அரசு, ஒதுக்கப்பட்டவர்கள் மக்கள். ஆனால், அந்த அரசைக் கண்டிக்க உலகம் எடுத்த சொல் எது? தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். ஒடுக்கியவரைத் திட்ட, ஒடுக்கப்பட்டவரின் பெயர்!

'பறை' என்ற சொல்லுக்கு முதலில் என்ன பொருள்?

கொஞ்சம் பின்னாடி போகலாம். பழந்தமிழில் 'பறை' என்பது ஒரே ஒரு கருவியின் பெயர் கிடையாது. தோல் கட்டிய கொட்டுகள் பலவற்றுக்குமான பொதுப்பெயர்.

பள்ளியில் ஐந்திணை படித்தவர்களுக்கு 'கருப்பொருள்' பட்டியல் நினைவிருக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று தொல்காப்பியம் வகுக்கும். அந்தப் பட்டியலில் பறைக்கும் ஓர் இடம் உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகாரர்கள் விரித்துச் சொல்வார்கள். ஒரு நிலத்தின் அடையாளத்தைச் சொல்ல, அதன் மரமும் பறவையும் எவ்வளவு முக்கியமோ, பறையும் அவ்வளவு முக்கியம்.

புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய 335-வது பாடல் ஓர் ஊரின் சிறப்பைப் பேசும்போது நான்கு குடிகளின் பெயரைச் சொல்கிறது. துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனும் அதில் இருக்கிறார். இழிவான தொனி எதுவும் அங்கே கிடையாது. ஆண்டாளின் திருப்பாவையிலும் பறை வருகிறது. அங்கே கண்ணனிடம் பாவையர் கேட்டு நிற்பதே பறையைத்தான்.

'பறை' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பேசுதல், சொல்லுதல், அறிவித்தல். மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் சொல்வது. கன்னியாகுமரி மாவட்டப் பேச்சிலும் யாழ்ப்பாணத் தமிழிலும் 'பறைதல்' என்றால் பேசுவதுதான். அவ்வளவு ஏன், "தமிழரின் பெருமையைப் பறைசாற்றுகிறது" என்று செய்திகளில் வாரத்துக்கு ஒருமுறையாவது படித்துவிடுகிறோமே, அதே பறைதான் இது. அரசன் ஆணையை ஊருக்குச் சொல்லப் பறை அறைவார்கள். கருவியும் செய்தியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

பறையர் என்ற பெயர் பறை என்ற கருவியிலிருந்து வந்தது என்பதுதான் அகராதிகள் ஏற்றுக்கொண்ட விளக்கம். வேறு விளக்கம் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இந்தச் சமூகத்தினர் எல்லோருமே பறை அடித்தவர்கள் இல்லை, பெரும்பகுதி மக்கள் வயலில் உழைத்தவர்கள் என்பது அவர்கள் வைக்கும் வாதம். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும், அந்தப் பெயர் பிறந்த இடத்தில் 'இழிந்தவர்' என்ற பொருள் இல்லை.

அப்படியானால் இழிவு எப்போது ஒட்டியது?

"எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை" என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே பிரிவினை இருந்திருக்கிறது. அதற்குக் கல்லில் வெட்டிய சாட்சியும் இருக்கிறது.

முதலாம் ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஊர்களின் நிலக் கணக்கு சொல்லும் இடங்களில், 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் வருகின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணம் அது. ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடு அப்போதே போடப்பட்டிருக்கிறது என்பதற்கு இந்தச் சொற்களே போதும்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் நிலவுடைமை, கோயில், சடங்கு ஆகியவற்றைச் சுற்றி அந்தக் கோடு இன்னும் கெட்டிப்பட்டது. நிலத்தில் உழைப்பவருக்கு நிலம் இல்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை. கோயிலுக்குள் இடமில்லை. திருவிழாவிலும் சாவு வீட்டிலும் கொட்டடிப்பது கலையாக இல்லாமல் கட்டாய வேலையாக ஆனது. ஆக, இழிவை ஒட்டியது உள்ளூர். அந்த ஒட்டிய இழிவோடு பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு போனதுதான் ஐரோப்பியர் செய்தது.

கப்பலேறியது எப்படி?

முதலில் வந்தவர்கள் போர்ச்சுகீசியர். கேரளக் கடற்கரையில் பணியாற்றிய துவார்த்தே பர்போசா என்ற போர்ச்சுகீசிய அதிகாரி, 1516 வாக்கில் எழுதிய குறிப்பிலேயே இந்தப் பெயர் இடம்பெறுகிறது. மலபாரில் தான் கண்ட சமூகங்களை அவர் வரிசையாகப் பட்டியல் போட்டபோது, கடைசிப் படிகளில் இவர்களைக் குறிப்பிட்டார்.

அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போக சுமார் நூறு ஆண்டுகள் ஆயின. 1613-ல் ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதன்முதலாக அச்சில் வந்ததாக அகராதிகள் பதிவு செய்கின்றன. சாமுவேல் பர்ச்சஸ் என்ற பாதிரியார் உலகப் பயணிகளின் குறிப்புகளைத் திரட்டி வெளியிட்ட காலம் அது. அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்ல. மற்றவர்கள் எழுதியதைப் படித்து எழுதியவர். ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்க்காமலே, அவர்களின் பெயரைத் தாழ்வு என்ற பொருளோடு ஒரு மொழி வாங்கி வைத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் அது தென்னிந்தியாவில் உள்ள ஒரு சமூகத்தின் பெயராக மட்டுமே ஆங்கிலத்தில் இருந்தது. 1810-களில், தென்னிந்தியாவில் நீண்ட காலம் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி எழுதிய நூல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பறையர்கள் நடத்தப்பட்ட விதத்தை அவர் அதில் விரிவாகவே எழுதியிருந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், 1819-ல், 'சமூகத்தால் ஒதுக்கப்பட்ட யாரோ ஒருவர்' என்ற பொதுப்பொருளில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்டது. பெயர்ச்சொல், வசைச்சொல்லாக மாறத் தொடங்கிய இடம் இதுதான்.

பாரிஸ் மேடையில் 'பாரியா'

அதே காலத்தில் ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. அது அனுதாபத்தின் வாழ்க்கை.

பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791-ல், பெர்னார்டின் து சாம்பியேர் என்ற எழுத்தாளர் ஒரு குறுநாவல் எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஓர் ஆங்கிலேய அறிஞர், பெரிய பெரிய பண்டிதர்களிடம் கிடைக்காத ஞானத்தை, இந்தியாவில் ஒரு பறையரின் குடிசையில் கண்டுகொள்வார். இதுதான் கதை.

1821-ல் பாரிஸில் கசிமிர் தெலவீன் எழுதிய 'பாரியா' நாடகம் மேடையேறியது. தன் பிறப்பை மறைத்துப் போர்வீரனாக உயர்ந்த இளைஞன், பிராமணத் தலைமைக் குருவின் மகளைக் காதலிக்கும் கதை அது. 1823-ல் பெர்லினில் மிக்காயேல் பீர் என்ற யூத எழுத்தாளர் இதே பெயரில் ஒரு நாடகம் தந்தார். 1829-ல் இத்தாலிய இசையமைப்பாளர் தோனிசெத்தி, தெலவீனின் கதையை வைத்து நேப்பிள்ஸில் ஓர் ஓப்பரா போட்டார்.

இவர்களில் யாருக்கும் இந்தியாவைப் பற்றி அதிகம் தெரியாது. தங்கள் ஊரில் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச ஒரு பெயர் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். 1838-ல் ஃபுளோரா திரிஸ்தான் என்ற பெண், கொடுமைக்காரக் கணவனிடமிருந்து பிரிந்து பெரு நாட்டுக்குப் போய் வந்த அனுபவத்தை எழுதி, தலைப்பிலேயே தன்னை ஒரு 'பாரியா' என்று அழைத்துக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், யூதர்களை 'பாரியா மக்கள்' என்று வகைப்படுத்தினார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த ஹன்னா அரெண்ட், 1944-ல் யூதரைப் பாரியாவாகப் பார்க்கும் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒதுக்கப்பட்டவர் என்பதை உணர்ந்து, தலைநிமிர்ந்து கலகம் செய்பவரை அவர் அதில் கொண்டாடினார்.

கவனியுங்கள். இத்தனை பேரும் இந்தச் சொல்லை, தவறே செய்யாமல் ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பயன்படுத்தினார்கள். ஆனால், பின்னாளில் அரசியல் மேடைகளிலும் நாளிதழ்களிலும் இந்தப் பொருள் தலைகீழாகத் திரும்பிவிட்டது. இன்று 'பரையா' என்றால் பெரும்பாலும் குற்றம் செய்ததால் ஒதுக்கப்பட வேண்டியவர். பாதிக்கப்பட்டவரின் பெயர், குற்றவாளியின் பெயராகிவிட்டது.

'சாதியே இல்லாதவர்' என்ற தவறு

ஆங்கிலேயர்கள் செய்த இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பறையர் என்றால் 'எந்தச் சாதியிலும் சேராதவர்', 'சாதியிலிருந்து விலக்கப்பட்டவர்' என்று அவர்கள் நினைத்தார்கள்.

இதற்கு அவர்கள் மொழியும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் 'அவுட்காஸ்ட்' என்று ஒரு பழைய சொல் உண்டு. 'வெளியே எறியப்பட்டவர்' என்று பொருள். 'காஸ்ட்' என்றால் எறிவது. போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த, சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' வேறு சொல். உச்சரிப்பு ஒன்றுபோல இருந்ததால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இது தவறு என்பதை அப்போதே சுட்டிக்காட்டியவர்கள் இருக்கிறார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அவர்களில் ஒருவர். பறையர் என்பது பழமையான, தனித்த ஒரு சமூகம், எங்கிருந்தோ விலக்கப்பட்டவர்களின் கூட்டம் இல்லை என்று அவர் விளக்கினார். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886-ல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் கால்டுவெல்லை மேற்கோள் காட்டி அந்தத் தவறைத் திருத்தியது. ஆனால், அகராதி திருத்தியதைப் பேச்சு கேட்கவில்லை.

கேட்காதது மட்டும் இல்லை, இன்னும் கீழே இறங்கியது. தெருநாய்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பரையா டாக்'. அதுவே பிறகு 'பை டாக்' என்று சுருங்கியது. ஊருக்குள் வட்டமிடும் கரும்பருந்துக்கு 'பரையா கைட்' என்று பெயர் வைத்தார்கள். மட்டமான சாராயத்துக்கும் அதே அடைமொழி. நாய்க்கும் பருந்துக்கும் சாராயத்துக்கும் ஒரு மனிதக் கூட்டத்தின் பெயரை ஒட்டிப் பேசும்போது, அந்த மனிதர்கள் அதே ஊரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மைத்துனர்கள், இரண்டு பதில்கள்

இந்தப் பெயருக்கு உரியவர்கள் என்ன சொன்னார்கள்? இதுதான் முக்கியமான கேள்வி. உலக அகராதிகள் சொல்லாமல் விட்ட பகுதியும் இதுதான்.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு பெரிய தலைவர்கள் இந்தச் சமூகத்திலிருந்து எழுந்தார்கள். ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். இன்னொருவர் அயோத்திதாச பண்டிதர். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் அயோத்திதாசர். ஒரே குடும்பம். ஆனால், பெயர் விஷயத்தில் இருவரும் நேரெதிர்.

1893-ல் சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ, அந்தப் பெயரோடே வெளியே வந்து உரிமை கேட்க வேண்டும், மறைத்துக்கொண்டு வாழ்ந்தால் விடுதலை கிடைக்காது என்பது அவர் நிலைப்பாடு. 1900 வரை அந்த இதழ் நடந்தது. பிற்காலத்தில், 1930-ல், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்தவரும் இதே சீனிவாசன்தான்.

அயோத்திதாசரின் பதில் வேறு. இந்தப் பெயரே எதிரிகள் சூட்டியது என்றார் அவர். இவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள், பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள், அதனால்தான் இழிவுபடுத்தப்பட்டார்கள் என்பது அவர் முன்வைத்த வரலாறு. 1907-ல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பிறகு அது 'தமிழன்' ஆனது. சாதிப் பெயர் இருந்த இடத்தில் மொழியின் பெயரை வைத்தார்.

பெயரை ஏந்திப் போராடுவதா, பெயரையே தூக்கி எறிவதா? இந்த விவாதம் அதோடு முடியவில்லை. 1922-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' என்று எழுத வேண்டும் என்பது கோரிக்கை. அரசு ஏற்றுக்கொண்டது. இன்று சாதிச் சான்றிதழிலும் அரசுத் துறையின் பெயரிலும் நீங்கள் பார்க்கும் 'ஆதி திராவிடர்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறு.

அதாவது, இந்தச் சொல்லை அரசு ஆவணத்திலிருந்து நீக்க ஒரு சமூகம் 1922-லேயே போராடி வென்றுவிட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து வெள்ளை மாளிகையில் அதே சொல் ஒலிக்கிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் நிறைவேறியது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை, அந்தச் சமூகத்தைச் சேராத ஒருவர், பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் குற்றம். 2015-ல் கொண்டுவந்த திருத்தம், பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனியாகவே குற்றப் பட்டியலில் சேர்த்தது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

பெயரைச் சொல்வதே குற்றம் என்று இதற்குப் பொருள் கிடையாது. சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறது, ஆய்வு நூல்களில் இருக்கிறது, அமைப்புகளின் பெயரிலும் இருக்கிறது. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒருவர் மீது அதை வீசுவதுதான் குற்றம்.

ஆங்கிலத்தில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே இந்தச் சொல்லை இழிவுபடுத்தும் நோக்கம் இல்லாமல் பயன்படுத்தவே வழியில்லை. ஏனென்றால், அதன் பொருளே இழிவுதான்.

மலேசியாவில் வெடித்த பிரச்சனை

"எங்கேயோ வெள்ளைக்காரர்கள் பேசுவது, நமக்கென்ன?" என்று கேட்கலாம். மலேசியத் தமிழர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.

தோட்டத் தொழிலுக்காகத் தமிழர்கள் மலேயாவுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, இந்தச் சொல்லும் கூடவே போனது. அங்கே அது மொத்த இந்திய வம்சாவளியினர் மீதும் வீசப்படும் வசையானது. திட்டுபவருக்கு எதிரில் இருப்பவரின் சாதி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-ல் வெளியான 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல், பள்ளி மேல்வகுப்புக்குப் பாடநூலானபோது இது பெரும் போராட்டமாக வெடித்தது. மலேயாவுக்கு வந்த இந்தியர்களைப் பற்றிய பகுதியில் இந்தச் சொல் இருந்ததுதான் காரணம். வகுப்பறையில் தங்கள் பிள்ளைகள் இதைச் சொல்லிக் கேலி செய்யப்படுவார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். நூலைத் திருத்துவது பற்றிப் பேச்சுவார்த்தைகள் நடந்தன. கடைசியில் 2011 டிசம்பரில் அந்த நூல் பாடத்திட்டத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மாற்றிவிட முடியுமா?

தமிழ் எழுத்தாளர்களும் தலித் செயற்பாட்டாளர்களும் இந்த ஆங்கிலப் பயன்பாட்டுக்கு நீண்ட நாட்களாக எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். எதிர்வாதமும் இருக்கிறது. "சொற்கள் பொருள் மாறும். இன்றைக்கு இதைப் பேசும் அமெரிக்கருக்குத் தமிழ்நாட்டுச் சாதி பற்றி எதுவும் தெரியாது. தெரியாமல் பேசுவது எப்படி அவமதிப்பாகும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஆனால், ஆங்கிலம் இதுபோன்ற சொற்களைக் கைவிட்ட உதாரணம் இருக்கிறது. ஏமாற்றுவதைக் குறிக்க 'ஜிப்' என்ற சொல் சாதாரணமாகப் புழங்கியது. அது ரோமா மக்களைக் குறிக்கும் 'ஜிப்சி'யிலிருந்து வந்தது என்பது பரவலாகத் தெரிந்த பிறகு, அகராதிகள் அதன் அருகில் 'புண்படுத்தக்கூடியது' என்று குறிப்புப் போட்டன. பத்திரிகைகள் தவிர்க்கத் தொடங்கின. அதைப் பேசியவர்களில் பெரும்பாலோருக்கும் முதலில் அதன் பின்னணி தெரியாதுதான்.

தமிழ்நாட்டிலும் சமீபத்திய உதாரணம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். குடியேற்றம் என்று மட்டும் பொருள்பட்ட ஓர் ஆங்கிலச் சொல், தமிழ்நாட்டுக்கு வந்து தீண்டாமையின் குறியீடாக மாறியதுதான் காரணம். இங்கிருந்து போன சொல்லுக்கு அங்கே இழிவு, அங்கிருந்து வந்த சொல்லுக்கு இங்கே இழிவு. இரண்டிலும் அடிபட்டது ஒரே மக்கள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் இல்லாமல் பேசுவது கஷ்டமான காரியமும் இல்லை. 'அவுட்காஸ்ட்' இருக்கிறது, 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்று சொல்ல வழி இருக்கிறது. தமிழில் மொழிபெயர்க்கும்போது 'ஒதுக்கப்பட்ட நாடு', 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்றெல்லாம் எழுதிவிடலாம். 'பரையா ஸ்டேட்' என்பதைத் தமிழில் வேர்ச்சொல்லோடு அப்படியே எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். யாரும் எழுத மாட்டார்கள். தமிழில் கூசும் ஒன்று, ஆங்கிலத்தில் மட்டும் எப்படிக் கூசாமல் போகிறது?

பறை இன்று எங்கே இருக்கிறது?

ஆங்கிலத்தில் பெயர் இப்படி ஆகிவிட்டாலும், தமிழ்நாட்டில் அந்தக் கருவியின் கதை வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. சாவுக்குக் கட்டாயமாகப் பறை அடிக்க மாட்டோம் என்ற மறுப்பும், பறை எங்கள் கலை என்ற உரிமைக் குரலும் ஒன்றாகவே எழுந்தன. இன்று கல்லூரி விழாக்களிலும், அரசியல் மேடைகளிலும், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களிலும் பறை ஒலிக்கிறது. சாதி பார்க்காமல், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் இளைஞர்கள் தோளில் பறை மாட்டி ஆடக் கற்றுக்கொள்கிறார்கள்.

2025-ல் மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. ஒரு காலத்தில் தொட்டாலே தீட்டு என்று சொல்லப்பட்ட கருவி அது.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டையோ தலைவரையோ யாராவது 'பரையா' என்று ஆங்கிலத்தில் திட்டும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேராக 'வெறுக்கப்பட்டவர்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் இன்றைக்கும் லட்சக்கணக்கான மக்கள், எந்தத் தவறும் செய்யாமல், தங்கள் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அதில் எழுதியிருக்காது.